வதனி ஒருமுறை சொன்ன "வேண்டாம்"

மகன்,

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, லண்டனில் உன் உள்ளூராட்சிக் கவுன்சிலில் நீயும் உறுப்பினராக இருக்கும் நிதிக் குழு ஒரு முடிவு எடுத்தது. அவசர உதவிப் பணியில் உயிரிழந்த தொண்டர்களின் குடும்பங்களுக்கு, வீட்டுக்காகக் கட்டும் கவுன்சில் வரியை நீக்கும் யோசனையைக் கைவிடும்படி முழுக் கவுன்சிலுக்குப் பரிந்துரைத்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். கூட்டத்தின் வரைவுக் குறிப்பு வெள்ளிக்கிழமை காலை கவுன்சிலின் இணையதளத்தில் வந்தது. அதை வாசித்துவிட்டு, குழுவின் எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்து, வாக்கு விவரத்தையும் உன் பெயருக்கு நேரே இருக்கும் வாக்கியங்களையும் உறுதிப்படுத்திக்கொண்டேன். அன்று நான் பார்வையாளர் வரிசையில்தான் இருந்தேன். இருந்தும் கேட்டேன். காதால் கேட்டதை இன்னோர் இடத்தில் சரிபார்க்காமல் எழுதக்கூடாது என்பது என் நிருபர் தொழிலின் பழக்கம். இந்த முறை வேறொரு காரணமும் இருந்தது. நான் பிழையாகக் கேட்டிருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

பிழையாகக் கேட்கவில்லை. நீ ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அந்தக் குடும்பத்தை எனக்கு நேரில் தெரியும். உதவி வேண்டுமா என்று கவுன்சில் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய விருப்பத்தை நாம் மதிக்க வேண்டும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து யோசனைக்கு ஆதரவாக எழும்பிய ஒரு பெண்மணி, பேச வைத்திருந்ததைப் பேசாமலே அமர்ந்துவிட்டார். குடும்பமே வேண்டாம் என்கிறது, அதைத் தெரிந்த ஒருவர் சொல்கிறார், இனி என்ன பேசுவது என்று அந்த அறை நினைத்ததை நான் பார்த்தேன்.

இதை ஒரு செய்தியாக எழுத எனக்கு வழியில்லை. நீ தேர்தலில் வென்ற நாளே உன் கவுன்சிலைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றித் தாய் செய்தி எழுதினால் புகழ்ந்தாலும் கேவலம், திட்டினாலும் கேவலம். அதனால் கடிதமாக எழுதுகிறேன். உன்னுடன் தனியாகக் கதைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். இரண்டு தரம் கதைத்தேன். நீ பொது இடத்தில் சொன்னதைச் சமையலறையில் வைத்துத் திருத்த முடியாது என்பதால் இது அச்சில் வருகிறது. எந்தக் கவுன்சில் என்று எழுதவில்லை. உன் பெயரும் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ரவியை உனக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை, வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் போன் திருத்தும் சிறு கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் ஒருநாள் ஒரு முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அடுத்த கிழமையே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வந்து சேருமுன், பக்கத்தில் இருக்கும் தொண்டர் ஒருவர் போய் மூச்சையும் இதயத்தையும் தக்கவைக்கும் வேலை அது. சம்பளம் இல்லை. பச்சைச் சட்டையும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்த ஒரு பையும், எந்த நேரமும் அடிக்கக்கூடிய ஒரு போனும்தான் உண்டு. எங்கள் கலியாண வீடுகளில் அவர் சாப்பாட்டை முடித்ததை நான் கண்டதில்லை. "ரவி அண்ணைக்குக் கறி வாறதுக்கு முதல் போன் கோல் வந்திடும்" என்று நீதான் பகிடி விடுவாய். அவரும் சிரித்துக்கொண்டு, "என்ர பங்கை மூடி வையும் தம்பி" என்றுவிட்டு ஓடுவார். உன் தேர்தலுக்குத் துண்டுப் பிரசுரம் போட மழையில் தெருத் தெருவாகப் போனவர்களில் அவரும் ஒருவர். அப்போதும் அந்தப் பை காரின் பின்னிருக்கையில் இருந்தது.

போன இலையுதிர் காலத்தில், ஒரு மழை மாலையில், கோல் வந்த வீட்டுத் தெரு வாகனங்களால் அடைபட்டிருந்தது. காரை விட்டு இறங்கிப் பையுடன் ஓடினார். பின்னோக்கி எடுத்த ஒரு வான் வண்டி அவரை அடித்தது. அவர் ஓடிப்போன வீட்டிலிருந்தவர் பிழைத்துக்கொண்டார். பிறகு வந்த ஆம்புலன்ஸ் அந்த நோயாளியைக் காப்பாற்றியது. ரவி பிழைக்கவில்லை.

செத்தவீட்டில் நீ பேசினாய். நன்றாகப் பேசினாய். வீரன் என்றாய், எங்கள் சமூகம் இந்த நாட்டுக்குக் கொடுத்த கொடை என்றாய், இந்தக் குடும்பத்தைக் கவுன்சில் கைவிடாது என்றாய். கோயில் மண்டபத்தில் அவருடைய படத்தைத் திறந்து வைத்தபோது உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செத்தவரின் படத்துக்கு முன்னால் உயிரோடிருப்பவருக்குப் பொன்னாடை ஏன் என்று நான் உன் அப்பாவிடம் கேட்டேன். "இஞ்சரும், கோயிலுக்குள்ளை நிருபர் வேலை பாக்காதையும்" என்றார்.

உயிரிழந்தவர் சம்பளம் வாங்கும் ஊழியராக இருந்தால், அவருடைய குடும்பத்துக்கு ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கும். தொண்டருக்குப் பெரும்பாலும் நன்றி மட்டும்தான். ஆனால் ஒரு கவுன்சில் விரும்பினால் ஒருவருடைய கவுன்சில் வரியைக் குறைக்கலாம், முழுதாக நீக்கவும் செய்யலாம். சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. உன் கவுன்சிலில் முன்வைக்கப்பட்ட யோசனை அவ்வளவுதான். பணியில் இறந்த தொண்டரின் துணை, அவர்கள் சேர்ந்து வாழ்ந்த அதே வீட்டில் இருக்கும்வரை, அந்த வீட்டுக்கு வரி இல்லை. இப்போதைக்கு உன் கவுன்சிலின் எல்லைக்குள் அப்படி ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. அதிகாரிகளின் அறிக்கையில் ஒரு வரி வருகிறது. அதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். வளர்ந்தவர் ஒருவர் மட்டும் வாழும் வீடு என்பதால் அந்தக் குடும்பம் "ஏற்கெனவே கால்பங்கு வரிக் கழிவைப் பெற்றுவருகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். புருசன் செத்ததால் தானாகக் கிடைத்த கழிவை, புருசன் செத்ததற்குச் செய்த உதவியாக எண்ணுகிறார்கள். அந்த வரியை எழுதியவருக்கு அது உறுத்தவில்லை. உனக்கும் உறுத்தவில்லை, குழுவில் அதை வாசித்தபோது நீ தலையாட்டினாய்.

சரி, அந்த "வேண்டாம்" எப்படி வந்தது என்று பார்ப்போம். ரவியின் மனைவி வதனியிடம் போய் நேரில் கேட்டேன். நாங்கள் இருக்கும் மோர்டனிலிருந்து பஸ்ஸும் டிராமும் மாறிப் போகவேண்டும். உனக்கு நடந்து போகும் தூரம். செத்தவீட்டுக்குப் பிறகு நீ வரவில்லை என்று அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டபோதுதான் சொன்னாள்.

கவுன்சிலிலிருந்து ஒரு பிள்ளை வந்தாளாம். இளம் வெள்ளைக்காரப் பெண், மிகவும் மரியாதையானவள், சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறாள். வதனி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். வரவேற்பறையில் ரவியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அனுதாபம் சொல்லிவிட்டு, கவுன்சில் வரியில் ஏதும் உதவி செய்வதைப் பரிசீலிக்க விரும்புகிறீர்களா என்று கேட்டாள். வதனி வேண்டாம், நன்றி, நாங்கள் சமாளிப்போம் என்றாள். அந்தப் பிள்ளை சரி என்று தலையசைத்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் போய்விட்டாள்.

"அக்கா, அந்தப் பிள்ளையில பிழையில்லை," என்றாள் வதனி. "ஆனா நான் எப்பிடி ஓம் எண்டுறது? அப்ப அவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடியேல்லை. விளக்கு எரியுது. அதுக்கு முன்னாலை இருந்துகொண்டு, ஓம் தாங்கோ எண்டு சொல்லேலுமே? இன்னொருக்காக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பன்."

இன்னொருக்கா. மகன், இந்த இடத்தில்தான் நான் உன்னை விடமாட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவள் வளர்ந்த வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்குமேல் கேட்பது மரியாதைக் குறைவு. அவளை நான் குறை சொல்லவில்லை. உனக்கு ஏழு வயதாக இருந்தபோது, பக்கத்துத் தெருவில் இருந்த, உன்னுடன் படித்த வெள்ளைக்காரப் பெடியன் ஒருவனுடைய வீட்டுக்கு முதன்முதலாக விளையாடப் போனாய். போகுமுன் நான் சொல்லி அனுப்பினேன், தந்தவுடனே வாங்கக்கூடாது, வேண்டாம் என்று சொல்லவேண்டும், திரும்பக் கேட்டால் கொஞ்சமாக எடுக்கலாம் என்று. அவனுடைய தாய் பொரித்த மீன் துண்டுகளும் சிப்ஸும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நீ "நோ தாங்க் யூ" என்றாய். அவரும் "ஓகே டார்லிங்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ அந்தப் பெடியன் தின்னுவதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தாய். வீட்டுக் கதவைத் திறந்ததும், "அம்மா, அவை ரெண்டாந்தரம் கேக்கேல்லை" என்று சொல்லி அழுதாய். நானும் அப்பாவும் சிரித்துச் சிரித்து, பிறகு உனக்கு மூன்று தோசை சுட்டுத் தந்தோம். அன்றைக்குப் பிறகு உன்னிடம் இரண்டு வழக்கம் இருந்தது. அவர்கள் வீட்டில் முதல் தரமே ஓம். எங்கள் வீடுகளில் முதல் தரம் வேண்டாம். ஒருநாளும் மாறி நடந்ததில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தார்கள் என்றாலும், நீ அதைப் பசியோடு படித்தவன்.

அந்தக் குழு அறையில் இருந்தவர்களில் வதனியின் "வேண்டாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நீ ஒருவன். மற்றவர்கள் அறியாமல் நம்பினார்கள். நீ அறிந்துகொண்டு சொன்னாய்.

கூட்டம் முடிந்து வெளியே கோப்பி மெஷின் அருகே, யோசனையை எதிர்த்த உன் கட்சிக்காரர் ஒருவர் உன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நீ என்னைக் கண்டதும், "அம்மா, வாறன் எண்டு சொல்லேல்லையே" என்றாய். பார்வையாளர் வரிசைக்கு அழைப்புத் தேவையில்லை என்றேன்.

"அம்மா, நான் பொய் சொல்லேல்லை. அது ரெக்கோர்டில இருக்கு. அவா வேண்டாம் எண்டுதானே சொன்னவா."

"ஓம். எத்தினை தரம் கேட்டவை?"

நீ போனைப் பார்த்தாய். பிறகு, "ஒருக்கா" என்றாய்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல நீ எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உனக்கு மறந்துபோயிருந்தால் உடனே சொல்லியிருப்பாய். நீ யோசித்துத்தான் சொன்னாய்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் எனக்குப் பழகியது. நூலகத்தை மூடமாட்டோம் என்று சொல்லிவிட்டு மூடியவர்கள், பார்க்கின் ஒரு மூலையை விற்றுவிட்டு விற்கவில்லை என்றவர்கள் என்று பலரையும் பார்த்துக் கோபத்தோடு எழுதி, எழுதி முடித்ததும் ஆறியிருக்கிறேன். பொய் சொன்னவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். பொய்யையும் உண்மையையும் பக்கத்தில் வைத்தால் போதும். நீ செய்தது வேறு. ஒரு உண்மையான வாக்கியத்தை, அது பொய்யாக வேலை செய்யும் இடம் பார்த்து வைத்தாய். வீட்டுக்கு வரும் டிராமில் எனக்கு வந்தது அருவருப்பு. கழுவாமல் கிடந்த சட்டியில் கை பட்டுவிட்டது போல, எதையும் தொடப் பிடிக்காத ஒரு உணர்ச்சி. உன்னைப் பற்றி அப்படி எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அடுத்த நாள் போன் எடுத்தாய். அந்தப் பேச்சு இன்னும் கேவலம். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம், அதை நாங்கள் மாற்றி விளங்கிக்கொள்வது பழைய ஆட்களின் புத்தி, அவவின் தன்மானத்தை நான் மதிக்கிறேன் என்றாய். மகன், பெண்கள் சொல்லும் "வேண்டாம்" என்பதை யாரும் கேட்காமல் போனதைப் பற்றி நீ பிறக்குமுன் நான் எழுதத் தொடங்கினேன். அந்த நியாயத்தைக் கொண்டுவந்து ஒரு விதவையின் வரி விஷயத்தில் போர்த்தாதே. இரண்டாம் தரம் கேட்பது யாரையும் வற்புறுத்துவது ஆகாது. கேட்டுவிட்டு, அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். எங்கள் ஆட்களிடம் உண்மையான வேண்டாம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். "இதைப் பற்றி இனிக் கதைக்காதைங்கோ" என்று கதையை மாற்றிவிடுவார்கள். வதனி கதையை மாற்றவில்லை. நன்றி, சமாளிப்போம் என்றாள். "சமாளிப்போம்" என்று சொல்லும் ஆளிடம் மறுபடி கேட்கத்தானே வேண்டும்?

முன்னுதாரணம் ஆகிவிடும் என்றும் சொன்னாய். இப்போதைக்கு இருப்பது ஒரு வீடு. பணியில் சாகும் தொண்டர்கள் அதிகமானால் கவுன்சிலுக்கு வரி குறைந்துவிடும் என்பது உன் கட்சியின் கவலையா? வரும் மே மாதம் உனக்கு ஒரு பொறுப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சந்தோசமாகச் சொன்னாய். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதிவிட்டு, வாசிப்பவர் முடிவு செய்யட்டும் என்பது கெட்ட நிருபரின் தந்திரம். அதனால் நேராகவே கேட்கிறேன்: தொடர்பு உண்டா? பதில் சொன்னால் இதே இடத்தில் போடுவார்கள்.

எங்கள் ஆட்களையும் நான் விடுவதாக இல்லை. கோயில் படிக்கட்டில் ஒரு அண்ணை என்னைக் கண்டு, "ஏன் தங்கச்சி, உந்த வதனிப் பிள்ளைக்கு அரசாங்கத்திட்டப் பெனிபிட் காசு எடுக்கிற குடும்பம் எண்ட பேரை வாங்கிக் குடுக்கப் போறியளோ? ரவியின்ர மரியாதை என்னாகிறது?" என்றார். ரவியின் படத்தைத் திறந்தபோது முன்வரிசையில் இருந்தவர் அவர். வதனி பயந்தது இந்தச் சொல்லுக்குத்தான். தன் கணவனின் சாவைக் காட்டி அரசாங்கத்திடம் வாங்கித் தின்னுகிறாள் என்று நாலுபேர் சொல்லிவிடுவார்களோ என்று அவள் முதல் தரம் வேண்டாம் சொன்னாள்; அந்த நாலுபேரில் ஒருவர் படிக்கட்டில் நின்று அதைச் சொல்லியும்விட்டார். இவர்களுக்கு வீரனின் படம் வேண்டும். வீரனின் வீட்டில் யார் குடியிருப்பார்கள் என்பது வேண்டாம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வதனி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில். அடுத்த கோடையில் கடைசிப் பரீட்சை. கொவென்ட்ரியில் இருக்கும் வதனியின் தம்பி, இஞ்சை வா அக்கா, வீடு மலிவு என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறான். போன மாதம் ஒரு வீட்டு ஏஜென்ட் வந்து அறைகளை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கவுன்சில் வரி மட்டும்தான் அவளை அங்கிருந்து கிளப்புகிறது என்று நான் சொல்லவரவில்லை, அது பொய்யாகும். ஆனால் மாதாமாதம் எதை விடலாம் என்று பார்க்கும்போது, விடமுடியாமல் நிற்கும் பெரிய செலவுகளில் அதுவும் ஒன்று. அது போனால் மகளின் பரீட்சைவரை தாக்குப்பிடிக்கலாம் என்று அவள் கணக்குப் பார்த்திருக்கிறாள். வீட்டைவிட்டுப் போய்விட்டால் பிறகு எந்தத் தீர்மானம் வந்தும் பயனில்லை. யோசனையே அந்த வீட்டுக்குத்தான்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் அக்கா என்றாள். தேத்தண்ணி குடித்து, மகளின் படிப்பைப் பற்றிக் கதைத்து, கிளம்பும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டேன்.

"தம்பிக்குக் கரைச்சல் வராதோ?" என்றாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். வரும் என்றேன். "அப்ப யோசிச்சுச் சொல்லுறன்." மறுநாள் காலையில் தானே போன் எடுத்து, எழுதுங்கோ என்றாள். பெயரை மட்டும் மாற்றட்டுமா என்று கேட்டேன். "ஏன், நான் என்ன களவே எடுத்தனான்?" என்றாள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தினாள். அந்த வெள்ளைக்காரப் பிள்ளையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னாள்.

உன் அப்பா இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "கட்சியில இருக்கிறவன் கட்சி சொல்லுறதைத்தான் செய்வான். நீர் உந்தக் கடிதத்தைப் போட்டா அவன்ர பேர் போயிடும்" என்றார். பேர் வெள்ளிக்கிழமையே கவுன்சில் இணையதளத்தில் வந்துவிட்டது என்றேன். மத்தியானம் சோறு போட்டபோது இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் மறுபடி கேட்டேன். எங்களுக்கு இது இவ்வளவு சாதாரண விஷயம், மகன்.

புத்திமதி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், நீ சொன்னதைப் பொய் என்று ஒத்துக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை. அது பொய் அல்ல என்று நீ வாதாடிக்கொண்டே இருப்பாய். அதை முடித்துச் சொல் என்றுதான் கேட்கிறேன். ஒருமுறைதான் கேட்கப்பட்டது, அந்தியேட்டிக்கு முன்னால் கேட்கப்பட்டது, எங்கள் வழக்கத்தில் அது பதில் ஆகாது, இது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல். கடைசி வாக்கியம்தான் கஷ்டம். அதைச் சொல்லாவிட்டால் முதல் மூன்றும் வதனியைப் பற்றிய விளக்கமாகிவிடும். உன்னைப் பற்றியதாக இராது. அதற்குப் பிறகு உன் கட்சி சொல்கிறபடி எதிர்த்து வாக்களித்தாலும், நீ கண்ணைத் திறந்துகொண்டு எதிர்க்கிறாய் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி எதிர்ப்பவர்களோடு என்னால் ஒரே மேசையில் இருந்து சாப்பிட முடியும்.

இனி நிலுவையில் இருப்பது. குழுவின் பரிந்துரை வரும் புதன்கிழமை மாலை முழுக் கவுன்சிலின் முன் வருகிறது. அதுவரை அது பரிந்துரை மட்டும்தான், தீர்மானம் அல்ல. யோசனையைக் கொண்டுவந்தவர்கள் அதைத் திரும்ப வாக்கெடுப்புக்கு விடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வதனி வரி உதவி கேட்டுத் தன் கைப்பட எழுதிய விண்ணப்பத்தை வியாழக்கிழமை கவுன்சில் அலுவலகத்தில் கொடுத்தாள்; பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குழுவில் தான் சொன்னதைத் திருத்த விரும்பும் உறுப்பினர் முழுக் கூட்டத்தில் பேச முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதற்குக் கடைசி நேரம் திங்கட்கிழமை மதியம். இந்தக் கடிதம் அச்சுக்குப் போகுமுன் அலுவலகத்தை ஒருமுறை அழைத்துக் கேட்டேன். உன்னிடமிருந்து அறிவிப்பு எதுவும் இன்னும் வரவில்லை என்றார்கள். திங்கட்கிழமை மதியம் மறுபடி கேட்பேன்.

அம்மா